வட்டம் விழாத தட்டு

நோயாளியைக் குணமாக்க, முதலில் அவருடைய கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். அதுதான் லேப் வேலை. அந்த வேலை பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். அறுபதுகளில் சிதம்பரத்தில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மருந்துக்கு மருந்து

நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி ஓட்டும் காதர் பாய்க்கு வலது பாதத்தில் கரும்புக் கட்டை குத்திச் சீழ் பிடித்துவிட்டது. கடலூரில் படுக்கவைத்து பென்சிலின் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அவர் ரத்தத்தை பஸ்ஸில் கொண்டுவந்தது சம்சாரத்தின் தம்பி சலீம். லாரிதான் அவுங்களுக்கு எல்லாம், காலைக் காப்பாத்திக் குடுங்க என்றார்.

ரத்தத்தில் பென்சிலின் கலந்திருந்தால் லேபில் கிருமி வளராது. அதனால் பென்சிலினை முறிக்கும் நொதி ஒன்றைக் குப்பியில் வாங்கி ஐஸில் வைத்திருப்போம். கிருமியிடமிருந்தே எடுத்த சரக்கு. அதில் கொஞ்சம் எடுத்து ரத்தத்தில் விட்டேன். என்ன அது என்று சலீம் கேட்டார், சொல்லித் தொலைத்தேன். முகம் செத்துவிட்டது.

"மருந்தை முறிக்கிற மருந்தா? எங்க மச்சான் பக்கம் அதைக் கொண்டு போயிடாதீங்க சார்."

காகிதப் பொட்டு

இரண்டு நாள் கழித்து, வளர்ந்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நடுவில் பென்சிலின் தோய்த்த காகிதப் பொட்டு வைத்தேன். மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழும். விழவில்லை. பொட்டின் விளிம்பு வரை கிருமி மொய்த்துக் கிடந்தது. நாங்கள் குப்பியில் வாங்கும் நொதியை அந்தப் பாழாய்ப்போன கிருமி தானே செய்துகொண்டிருந்தது, காதர் பாயின் உடம்புக்குள்ளேயே.

பென்சிலினுக்குள் நாலு அணுக்கள் கைகோத்த வளையம் ஒன்று உண்டு. மருந்தின் உயிரே அதில்தான். நொதி அதில் ஒரு கையை அறுத்துவிடும். அறுத்தபின் நொதி தேய்வதும் இல்லை, அடுத்த பென்சிலினுக்குப் போய்விடும். முடிவு வாங்க வந்த சலீம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ஊசியை ஜாஸ்தியா போடச் சொல்லுங்களேன் சார்."

மெட்ராஸ் மருந்து

நொதி கிட்டே வர முடியாதபடி, வளையத்துக்குப் பக்கத்தில் பருமனான அணுக் கொத்து ஒன்றை ஒட்டிய புது பென்சிலின் மெட்ராசில் வந்திருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் ஆளனுப்பி வரவழைத்தார்கள். உயிர் தங்கியது. பாதம் அதற்குள் கறுத்துப்போய், எடுக்க வேண்டியதாயிற்று. பிரேக் மிதிக்கிற கால். தட்டு இன்னும் சீக்கிரம் வளர்ந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. சலீம்தான் வந்து சொன்னார்.

"மயக்கம் தெளிஞ்சதும் லாரிக்கு ஆயில் மாத்தியாச்சான்னு கேட்டாங்க சார். மாத்தியாச்சு மச்சான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

கிருமியை வளர்த்து அதன் குணத்தை எழுதித் தருவது எங்கள் தொழில், நாங்கள் எழுதி முடிப்பதற்குள் அது தன் தொழிலை முடித்துவிடுகிறது.