தண்ணீர்ப் பக்கம் மட்டும் அகலமாகும் பாதை

சும்மா டீ கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொல்கத்தாவில், பெஹாலாவில் இத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இட்லி மாவு, அப்பளம், காப்பித்தூள் விற்கிறேன். இந்த ஊரில் எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. நானும் கொடுத்ததில்லை.

கடையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனால், வீடுகள் குறைகிற இடத்தில் ஓர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி இருப்பது காடு என்று பலகை சொல்கிறது. நான் பார்த்தவரைக்கும் அது புதர். பறவை வரும், பாம்பு வரும், காதலர்கள் வருவார்கள். காலையில் எங்களை மாதிரி டாக்டர் விரட்டிவிட்ட ஆட்கள் வருவார்கள்.

என் மனைவிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தினமும் சமதரையில் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் தெருவில் சமதரை கிடையாது. நடைபாதையில் கடை, ரோட்டில் ஆட்டோ, மிச்ச இடத்தில் குழி. அதனால்தான் ஏரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்ததும் மண் பாதைதான், வேர்கள் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கை என் தோளில் என்று ஊர்ந்து ஊர்ந்து போவாள்.

மழைக்காலம் முடிந்ததும் பராமரிப்புக் குழு என்று ஒன்று முளைத்தது. அதன் செயலாளர், ஏதோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விசிறி தேவைப்படுகிற நாளிலேயே குரங்குக் குல்லா போட்டுக்கொள்கிறவர். பாதையைச் சீராக்கப் போகிறோம் என்றார். உடைந்த செங்கல்லைப் போட்டு இடித்து, மேலே செம்மண் பரப்பினார்கள். வாசலில் எல்லாருக்கும் எலுமிச்சை டீ கொடுத்தார்கள்.

பாதை நன்றாக இருந்தது. அதை மறுக்கவில்லை. ஒருநாள் என் மனைவி ஊன்றுகோலை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "என்னங்க, ஆமை மாதிரி வாரீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் வாயைச் சில வாரம் மூடி வைத்திருந்தது.

ஆனால் கண்ணை மூட முடியுமா? தினமும் விடிவதற்குள், பலகை வைத்து மிதித்து ஓட்டும் சைக்கிள் வேன்களில் இடிபாடு வந்தது. பூப்போட்ட குளியலறை ஓடு, மொசைக் தரை, உடைந்த வாஷ்பேசின். இந்த ஊரில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள், இடித்தது எங்காவது போக வேண்டும், சரி. ஒரு நடைபாதைக்கு எவ்வளவு கல் வேண்டும்? அதுவும் கொட்டுவதெல்லாம் தண்ணீர்ப் பக்கம். புதர்ப் பக்கம் ஒரு கூடைகூட விழவில்லை. ஆகாயத்தாமரையையும் அள்ளாமல் விட்டிருந்தார்கள். பச்சையாக மூடிக் கிடந்தால் எது தண்ணீர், எது தரை என்று யாருக்குத் தெரியும்?

செயலாளரிடம் என் கடை வங்காளத்தில் நேராகவே கேட்டேன். "பாதைய அகலமாக்கணும்னா அந்தப் பக்கம் பொதர வெட்டலாமே. ஏன் தண்ணியில கொட்டுறீங்க?"

"பொதர் இயற்கை, தாதா" என்றார்; இங்கே தாதா என்றால் அண்ணன். "இங்க இயற்கையில கை வைக்கக் கூடாது."

"அப்ப தண்ணி?"

"தண்ணி எவ்வளவு கெடக்கு பாருங்க!" என்று கையை விரித்தார். "எத்தோ சிந்தா கொரேன் கேனோ? இவ்வளவு கவலை எதுக்கு? டீ குடிங்க."

பக்கத்தில் கைவீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள் சும்மா இருக்கவில்லை. "மெட்ராஸ்ல தண்ணி லாரிக்குக் கொடம் வச்சுக்கிட்டு நிப்பீங்களாமே. எங்களுக்கு ஏரிப் பாடம் நடத்துறீங்களா?"

நான் தூத்துக்குடிக்காரன் என்று சொல்லிப் பயனில்லை. இங்கே நாங்கள் எல்லாரும் மெட்ராஸ்தான். "நிக்கிறதுனாலதான் சொல்றேன். அங்கயும் இப்படித்தான் மூடினாங்க" என்றேன். அந்த அம்மாள் கையை இன்னும் வேகமாக வீசினாள்.

ஏரிக்குள் தண்ணீரில் சாய்ந்து நிற்கிற ஓர் ஈச்சமரம் உண்டு. நீர்க்காகங்கள் அதில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயப்போடும். ஒருநாள் காலையில் ஓர் ஆள் அந்த மரத்தில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். காலில் ஷூ. ஷூவில் ஈரமே இல்லை.

மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பாத்தியா? மரம் கரைக்கு வந்துட்டு. இவங்க பாதை போடல, ஏரிய முழுங்குறாங்க."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"துர்கா பூஜை சமயத்துல அந்த மரத்தச் சுத்தித் தண்ணி நின்னுச்சு. காளி பூஜைக்கு அப்புறம் இல்ல. நான் அப்பவே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க. கத்துனா வேலைய நிறுத்துவாங்க. நான் எங்கன நடக்க?"

டீயைச் சந்தேகப்பட்டேன், குல்லாவைச் சந்தேகப்பட்டேன், வேன்காரனை, வாசல் காவலாளியை, ஆகாயத்தாமரையைக்கூடச் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் நடந்தவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. திரும்பும்போது ஆட்டோவில், புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். கடையில் மாவு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாள். "முட்டி உங்களுக்கா வலிக்குது?"

வலி அவளுக்குத்தான். ஆனாலும் நான் புகார் கொடுத்தேன். இந்த மாநிலத்தில் நீர்நிலையை மூடுவது குற்றம். போனில் பேர் சொல்லாமல்தான் சொன்னேன். அரசாங்க ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வேன்கள் நின்றன. டீயும் நின்றது. பேர் சொல்லாவிட்டாலும், என் கடை வங்காளத்தில் புகார் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பார்கள்.

ஈச்சமரத்துக்கு அந்தப் பக்கம் பாதை பாதியில் கிடந்தது. வெறும் ஓட்டுச் சில்லு. கால் வைத்தால் நழுவும். மேலே கொஞ்சம் செம்மண்ணாவது பரப்பச் சொல்லி நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எப்படி, தாதா? புகார் இருக்கே" என்றார் செயலாளர், ரொம்ப இனிமையாக. "இப்ப ஒரு கைப்பிடி மண்ணு போட்டாலும் குத்தமாயிடும்."

மனைவி மறுபடி ஊன்றுகோலை எடுத்தாள். வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒவ்வொரு நாளும் வந்தாள். என் தோளில் தேவைக்கு மேல் அழுத்துகிறாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.

போன வாரம், காவலாளி அறையைத் தாண்டிப் பாதை வளைகிற இடத்தில் நின்றாள்.

"இந்த மூட்டை நேத்து இல்ல."

தண்ணீர் ஓரத்தில் சாக்கு மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மேலே ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டிருந்தார்கள். நான் கவனிக்காமல் கடந்திருப்பேன். அவள் ஊன்றுகோலால் ஒரு மூட்டையைக் குத்தினாள். உள்ளே ஓடு நொறுங்கியது.

நான் போனை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. நீங்க போன் பண்ணி ஆபீஸ்காரன் வாரதுக்குள்ள இவங்க கொட்டிட்டுப் போயிருவாங்க." ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, மூட்டைகள் மேல் உட்கார்ந்தாள். அறுத்துத் தைத்த காலை நேராக நீட்டிக்கொண்டாள். வாசல் பக்கம் சைக்கிள் வேனின் மணிச் சத்தம் கேட்டது.

"முட்டி மடக்க வரல, எந்திரிக்க முடியாதுன்னு அவங்க பாஷையில சொல்லுங்க."

"நெசமாவே வரலயா?"

"அது எதுக்கு உங்களுக்கு? சொல்லுங்க."

வேன் எங்கள் முன்னால் வந்து நின்றது. சொன்னேன்.