மகனின் ஃபோனுக்குக் கிடைக்காத பாஸ்வேர்ட்

மகன் இறந்த பிறகும் பல மாதம் அவனுடைய ஃபோன் எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தது. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன். ஆஸ்பத்திரியில் சட்டை, மணிக்கூடு, ஃபோன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நான் கால் வைத்ததும் பைக்குள்ளே அது டிங் டிங் என்று அடித்தது. வீட்டு வைஃபையைத் தானாகப் பிடித்துக்கொண்டது என்று மகள் பிறகு சொன்னாள்.

அதைத் திறக்கும் நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும். கடையில் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். பில் கட்டாமல் சிம்மும் வெட்டுப்பட்டுவிட்டது, வீட்டு வைஃபையில் வருவது மட்டும்தான் அதற்கு வரும். இருந்தாலும் அதை அணைய விடாமல், ஃபிரிட்ஜுக்கு மேலே சார்ஜில் போட்டே வைத்திருந்தேன். அவனோடு கிரிக்கெட் விளையாடியவர்கள் ஃபோனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். யார் வருகிறார், யாருக்கு முழங்கால் நோவு என்று விடியவே நக்கல் தொடங்கிவிடும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதையெல்லாம் வாசிக்க வராது. எனக்குச் சத்தம் போதும். தேத்தண்ணி வைத்துக்கொண்டே, "உன்னைத்தான் கூப்பிடுறாங்கள்" என்பேன். மகள் எழும்பவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

வைஃபை எடுத்தவனும் அவன்தான். நானும் எழுதவேண்டும் என்று என் பெயரையே பாஸ்வேர்டாக வைத்து, இங்கிலீசில் எழுதப் பழக்கினான். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். கீழ்மாடி, எதிர்வீட்டு விருந்தாளிகள், மேல்மாடிக்கு டியூசனுக்கு வந்த பிள்ளைகள், ஒருவரையும் விடவில்லை.

"அம்மா, எங்கட வைஃபை வாசல்ல ஊரே செருப்புக் கழட்டி வச்சிருக்கு" என்றாள் மகள். அவள் வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணக்குப் பார்ப்பவள். இன்டர்நெட் லைனை ஒழுங்காகப் பூட்டாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு ஓடுகிறது.

மகள் கூப்பிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் புது வைஃபைப் பெட்டியோடு வந்தார்.

"பழைய பெட்டியில இருக்கிற பூட்டு ஆரும் நெளிச்சுத் திறக்கிற பூட்டு அம்மா. இனி நீங்க அனுப்புறதெல்லாம் குழப்பின எழுத்தாத்தான் காத்தில போகும். பாஸ்வேர்ட் இருக்கிற ஆளுக்குத்தான் விளங்கும்."

"எனக்குக் குழப்பாத எழுத்தே விளங்காது தம்பி" என்றேன். அவர் சிரித்தார்.

"பழைய பாஸ்வேர்டையே விட ஏலாதோ?" என்று கேட்டேன்.

"அது கொழும்பில பாதிப்பேருக்குத் தெரியுமாமே, மகள் சொல்லுறா."

மகள் என்னைப் பார்த்தாள். "என்னம்மா, உங்கட பேரை எடுக்கிறது கோவமோ?"

அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன்.

அவர் மகளின் கம்ப்யூட்டர், என் ஃபோன், டிவி எல்லாவற்றுக்கும் புதியதைப் போட்டார். பிறகு ஃபிரிட்ஜுக்கு மேலே கண் போனது.

"இது ஆர்ட? இதுக்கும் போட்டுத் தாறன். லொக்கை மட்டும் திறந்து தாங்கோ."

மகள் குசினிக்குள் போய்விட்டாள்.

"அது மகன்ட" என்றேன். "அவர் வெளியில. வந்து போட்டுக்கொள்ளுவார்."

"சரி அம்மா. வந்தவுடன இந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கோ."

ஓம் என்றேன். குடிக்க ஒரு பிளேன்ரீ கொடுத்து, வாசல்வரை போய் அனுப்பினேன். முன்பின் தெரியாத மனிதருக்கு முன்னால் அழுகிற பழக்கம் எனக்கில்லை.

கதவு சாத்தியதும் மகள் வந்தாள். "அண்ணாட ஃபோனை நான் யோசிக்கேல்லை அம்மா. அவரைத் திருப்பிக் கூப்பிடட்டே? பழையதையே போடச் சொல்லுவம்."

"வேண்டாம். உன்ட வேலை போயிடும்."

"அம்மா."

"வேண்டாம் எண்டு சொன்னனான்."

பூட்டை மாற்றினால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு திறப்புச் சாவி கொடுப்போம். அவனுக்குக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் விடிய எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து முடிந்தும் ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. ஃபோனை எடுத்துத் தட்டினேன். முதல்நாள் வந்த கடைசி வரி அப்படியே நின்றது. மகளை எழுப்பி வாசிக்கச் சொன்னேன்.

"நாளைக்கு மழை இல்லாட்டி எல்லாரும் வாங்கோடா எண்டு கிடக்கு" என்றாள்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மழை இல்லை.