முதல் தண்ணீர்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாவிக்காரர் என்றால்தான் தெரியும். தெருவுக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறக்க, அவர் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு அதிகாரம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால், அதில் ஒன்றாவது தன் சாவி உயரத்துக்கு வருமா என்று கேட்டுச் சிரிப்பார். அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

நான் அங்கே தண்ணீரைப் பரிசோதிக்கிறவள். குழாய்த் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரவேண்டும். வந்தால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எனக்கு வாய் அதிகம். நடந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் காலையில் ஐந்திலிருந்து ஏழு வரைதான். முதலில் பஸ் டிப்போ, பிறகு கடைத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, கடைசியில் மேட்டுத் தெரு. சாவிக்காரருக்கு முன்னால் இருந்தவரும் இதே வரிசையில்தான் திறந்தார். ஏன் இந்த வரிசை என்று அவரும் சொல்லவில்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. மேட்டுத் தெருவுக்கு முறை வரும்போது குழாயில் நூல் மாதிரி ஒழுகும்.

சாவிக்காரரின் ஒரே மகளை அந்த மேட்டுத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். மூன்று வயதில் தாயை இழந்த பெண். ஒற்றை ஆளாகத் தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, அலுவலகத்தில் வாட்ச்மேனிலிருந்து இன்ஜினியர் வரை ஒருவரையும் விடாமல் நிறுத்திச் சொன்னார். இன்ஜினியரிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அவர் முகம் தொங்கிப்போய் வந்தார். மகள் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து மேட்டில் குடம் தூக்கி ஏறியதைப் பார்த்துவிட்டாராம். அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாவி உங்க கையில இருக்கு, உங்க பொண்ணு குடம் தூக்குது. பஸ் கழுவறதுக்கு முதல் தண்ணி, மனுஷங்க குடிக்கக் கடைசித் தண்ணியா? என்னண்ணே நியாயம் இது?"

மறுநாளே மேட்டுத் தெருவை முதலில் திறந்தார். பஸ் டிப்போ கடைசிக்குப் போனது. டிப்போக்காரர்கள் ஒரு வாரம் முணுமுணுத்து ஓய்ந்தார்கள். மேட்டுத் தெருவுக்கோ கொண்டாட்டம். குழாயில் தண்ணீர் கொட்டியது. அவர் தெரு முனையில் சாவியைத் திருப்பும்போது மகள் வாசலில் குடத்தோடு நிற்பாளாம். தண்ணீர் வந்ததும் கையை உயர்த்திக் காட்டுவாளாம். அதைச் சொல்லாமல் அவருக்குக் காலை டீ இறங்காது.

அந்தத் தெருவில் நானும் மாதிரி எடுத்தேன். இரண்டு மூன்று நிமிடம் குழாயை ஓடவிட்டுப் பிறகு பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அப்படியே பிடித்தேன். பளிச்சென்று மஞ்சள் வந்தது. வாரா வாரம் நன்று, நன்று என்று எழுதினேன்.

எட்டாவது மாதம் அவளுக்குச் சோறு வேண்டாம் என்றானது. மசக்கையாக இருக்கும் என்றார்கள். எட்டாம் மாதத்தில் என்ன மசக்கை என்று கேட்க வீட்டில் பெரிய பெண்கள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது கண் இரண்டும் மஞ்சள். என் தொழிலில் அந்த நிறத்தைப் பார்த்தால் நிம்மதி வரும். கெட்ட தண்ணீரால் வரும் காமாலை, வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களை விடாது என்றார் டாக்டர். நான்காம் நாள் பிள்ளை போனது. ஐந்தாம் நாள் அவள் போனாள்.

அதே தெருவில் இன்னும் ஆறு பேருக்குக் காமாலை வந்து, அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். என் நோட்டிலோ எல்லாம் நன்று. ஒரு காலை மேட்டுத் தெருவுக்குப் போய், விதியைத் தூக்கி எறிந்துவிட்டு, சாவிக்காரர் திறந்தவுடன் வந்த முதல் தண்ணீரைப் பிடித்தேன். லேசாகக் கலங்கியிருந்தது. கொஞ்சம் நாற்றம். சொட்டு விட்டேன், நிறமே வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பிடித்ததில் பளிச்சென்று மஞ்சள். பெரிய குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் விரிசல் இருந்திருக்கிறது. தண்ணீர் நின்றிருக்கும் இருபத்திரண்டு மணி நேரமும் அது சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது. காலையில் யாருக்கு முதலில் திறக்கிறோமோ அவர்களுக்கு அது போகும். இத்தனை வருடமாக அதை வாங்கிக்கொண்டது பஸ்களின் சக்கரம்.

இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்த சாவிக்காரர், "டிப்போவுக்கு ஏன் முதல்லன்னு இப்பதான் தெரியுதும்மா" என்றார். அந்தக் குரலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து டிப்போவுக்கே முதல் தண்ணீர். விரிசலை அடைப்பதாக அலுவலகம் சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்து நாளில் மேட்டுத் தெருப் பெண்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். பழையபடி நூல் மாதிரி ஒழுகுகிறது, மகள் போனதும் எங்களைக் கைகழுவிவிட்டாரா என்று கேட்டார்கள். அவர்களோடு அவருடைய மருமகனும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

சாவிக்காரர் நேரே மருமகனிடம் போனார். அவருக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அது எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் எங்கள் பகுதியில் முதல் குடத்தை யாரும் குடிப்பதில்லை. வாசலில் ஊற்றிவிடுவார்கள்.

"முதல் குடத்தைக் கீழ ஊத்திடுவீங்கதானே மாப்ளே?"

மருமகன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாங்க ஊத்திடுவோம் மாமா. அவதான் விடமாட்டா. எங்கப்பா எனக்காகத் திறந்துவிட்ட தண்ணி, அதைப் போய் மண்ணுல ஊத்துவாங்களான்னு சண்டைக்கு வருவா. தனியாப் பிடிச்சு மூடி வச்சு, அதைத்தான் குடிப்பா. வேற யாரையும் தொடவிடமாட்டா."

சாவிக்காரர் சரி என்பதுபோல் தலையாட்டினார். பிறகு பெண்களைப் பார்த்து, நாளைக்கும் டிப்போவுக்குத்தான் முதலில் என்று சாதாரணமாகவே சொன்னார். சுவரோரம் கிடந்த சாவியை எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நானும் மருமகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.