காணி காட்டப் போகிறவனின் உடுப்பு

காணித் தரகனுக்கு முதலில் வேண்டியது நல்ல காணி என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள். முதலில் வேண்டியது சட்டை. காணி எப்போதும் மற்றவனுடையது. சட்டை மட்டும்தான் நம்முடையது. என் விஷயத்தில் அதுவும் மச்சானிடம் இரவல் வாங்கியது.

மாத்தளை டவுனில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் காணி விற்பனைக் கந்தோரில்தான் நான் தொழிலுக்குச் சேர்ந்தேன். முதலாளி கொழும்பில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர். வந்த கையோடு எங்கள் நான்கு பேருக்கும் உடுப்புச் சட்டம் போட்டார். வெள்ளை நீளக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புச் சப்பாத்து, கத்தரிப்பூ நிற டை. டையைக் கட்டத் தெரியாதவர்களுக்குக் கழுத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தது கிடைக்கும் என்றார். நான்கு பேரும் எலாஸ்டிக்தான் வாங்கினோம்.

அந்த உடுப்போடு என்னை முதன்முதலாக லக்கல பக்கத்துச் சிங்கள ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒருவர் நாலு ஏக்கர் விற்கப் போகிறாராம், போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வா என்று. இரண்டு பஸ் மாறி, மூன்றாவது பஸ் வராததால் ஒரு த்ரீவீலில் போய் இறங்கினேன். கையில் ஃபைல். அந்தக் கிழமைதான் அங்கே யானைகள் வந்து போயிருந்தன. வெள்ளைச் சட்டையும் ஃபைலுமாக ஒருவன் வந்தால் அவன் நட்டஈட்டுக் கணக்கு எடுக்க வந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். மொழிப் பிரச்சினை எதுவும் இல்லை. பேச விட்டால்தானே! ஒருவர் இடிந்த சுவரைக் காட்டினார். ஒருவர் மிதிபட்ட வயலின் வரப்பு வழியாக என்னை ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போனார். ஓர் அம்மா வாழை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி எண்ணினார். சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். இடையில் செவ்விளநீர் வெட்டித் தந்தார்கள், குடித்தேன்.

கடைசியில், நான் காணி விஷயமாக வந்தவன் என்று சொன்னேன்.  அப்படியென்றால் உண்மையான ஆள் எப்போது வருவார் என்று ஒருவர் கேட்டார்.  எழுதியதை வீணாக்க வேண்டாம், அவர் வரும்போது கொடுக்கலாம் என்று தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாலு ஏக்கர் விற்கிறவரும் நட்டஈட்டுக் கணக்குச் சொல்ல நின்ற வரிசையில் நாலாவதாக நின்றிருந்தார். நட்டஈடு வந்த பிறகு யோசிக்கலாம் என்று அவர் என்னை அனுப்பிவிட்டார்.

அதே டையோடு ஒருநாள் வேலை முடிந்து நேரே எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக்கு, எங்கள் லயத்துக்கு, போனேன். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய காம்பிரா வீடுகள், நான் பிறந்து வளர்ந்த லயம். நான் வளைவில் திரும்பியதும் பக்கத்துக் காம்பிராக்களின் இரண்டு த்ரீவீல்களும் ஸ்டார்ட் ஆகித் தேயிலைக்குள் போய்விட்டன. டை கட்டியவன் தவணை கட்டாத த்ரீவீலைப் பறிக்க வருகிற லீசிங்காரனாகத்தான் இருப்பான் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வந்தது நான்தான் என்று தெரிந்த பிறகும் அவை திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கந்தோரை விட்டு நானே தனியாகத் தரகு பார்க்கத் தொடங்கியபோது, முதல் வேலையாக உடுப்பை மாற்றினேன். வெள்ளை வேண்டாம், அது உத்தியோகம். இளநீலம் யாரையும் பயமுறுத்தாது. டை கிடையாது. சட்டைப் பையில் ஒரு பேனா. இரண்டு பேனா இருந்தால் கிளாக்கர், மூன்று இருந்தால் பேனா விற்கிறவன். சப்பாத்து கட்டாயம், ஆனால் பாலிஷ் கூடாது. கொழும்பிலிருந்து காணி பார்க்க வருகிறவர்கள் முதலில் தரகனின் காலைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று இருந்தால் இவன் காணிக்குள் இறங்காதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் ஆட்கள் வருவதற்கு முன் பக்கத்து வாய்க்காலில் சப்பாத்தை ஒருமுறை முக்கி எடுப்பேன். இதில் எனக்கு வெட்கமே இல்லை. கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பவுடர் போடுவதில்லையா?

வாங்க வருகிறவரை நாங்கள் பார்ட்டி என்போம். பார்ட்டியின் உடுப்பைப் பார்த்தே ஆளை எடை போடுவோம். சாரம் கட்டி, செருப்போடு, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு ஒருவர் வந்தால், "தோட்டத்துப் பார்ட்டி, முன்பணம் வரும், மிச்சம் வராது" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அவர்களுக்கு நல்ல காணியைக் காட்டி நேரத்தை வீணாக்க மாட்டோம். இதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். லயத்தில் பிறந்தவன்தான் சொன்னேன்.

போன வருஷ மழையில் எங்கள் காம்பிராவின் பின்சுவர் வெடித்தது. முதலில் விரல் போகிற வெடிப்பு. பிறகு கை போனது. மேலே இருக்கிற மண் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, பெரிய மழை பெய்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூன்று தடவை போய் வந்தார்கள். நான் டவுனில் ஒற்றை அறையில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறேன். அங்கே இன்னும் இரண்டு பேருக்கு இடம் கிடையாது. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு துண்டுக் காணி எடுத்து, ஓர் அறையாவது எழுப்பிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் காணி காட்டுகிற எனக்கு, தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது அப்பாவுக்குக் கிடைத்த சேமலாப நிதிக்குள் அடங்குகிற துண்டு ஒன்றைத் தேட ஐந்து மாதம் பிடித்தது.

அது அலுவிகாரையில் கிடைத்தது. பெரிய ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான எட்டுப் பேர்ச், சரிவான இடம். டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியாருடையது. மூன்று கிழமை அவரோடு பேசி, சரிவைச் சொல்லி, ஒடுங்கிய பாதையைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தேன். பார்ட்டி யார் என்று அவர் கேட்டதற்கு, எனக்கும் பழக்கமில்லாத ஒரு மனிதர் என்று சொல்லியிருந்தேன். எங்கள் தொழிலில் இது வழக்கம். தரகன் தன் வீட்டுக்கு வாங்குகிறான் என்று தெரிந்தால், தன் வயிற்றுக்காகத்தானே என் விலையைக் குறைத்தான் என்று விற்கிறவர் எழுந்து போய்விடுவார். மாத்தளையில் சொந்தக்காரனை ஒருமுறையாவது முன்பின் தெரியாதவன் ஆக்காத தரகன் இருக்க மாட்டான்.

ஆக, அப்பாவைப் பார்ட்டி ஆக்க வேண்டும். தோட்டத்துப் பார்ட்டியாகத் தெரியவும் கூடாது. வாழ்நாள் பூராவும் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டித் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவருக்கு ஒரு கறுப்புக் கால்சட்டை வாங்கினேன். என்னுடைய பழைய சப்பாத்து அவருக்குப் பெரிது, முன்னால் கடதாசி வைத்தேன். எல்லாம் போட்டு அவர் வெளியே வந்ததும் அம்மா, "ஐயா எந்த ஆபீஸுல இருந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாடமும் சொல்லிக் கொடுத்தேன். "அப்பா, நீங்க காசு குடுத்து வாங்குற ஆளு. முன்னுக்கு நடங்க. கைய பின்னுக்குக் கட்டிக்கங்க. நான் ஒங்க மகன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

"சரிப்பா" என்றார்.

அவர் பஸ்ஸிலும் நான் மோட்டார் சைக்கிளிலுமாகத் தனித்தனியாகப் போனோம். காணியடியில் ஹாஜியார் காத்திருந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. அவரைக் கண்டதும் அப்பாவின் வலது கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது. பெரிய மனிதர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிடுகிற பழக்கம். அவிழ்க்க ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் கால்சட்டையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது.

"நீங்க முன்னால போங்க" என்றேன், தரகனின் குரலில்.

"இருக்கட்டுங்க ஐயா. நீங்க போங்க" என்றார்.

என்னைத்தான் ஐயா என்றார். நான் நடந்தேன். அவர் எனக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நடந்தார். நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார். நின்றால் நின்றார். கையைப் பின்னால் கட்டச் சொல்லியிருந்தேன், முன்னால் கட்டியிருந்தார். ஃபைல் வைத்திருக்கிற ஒருவனுக்குப் பக்கத்தில் நடக்க அவருடைய காலுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நானூறு ரூபாய் பெறாத கடதாசி ஃபைல் அது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுக்கலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எல்லைக் கல்லைக் காட்டினேன்.

ஹாஜியார் நல்ல மனிதர். பார்ட்டி பேசாமல் வருவதைப் பார்த்து, அவரே பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்களுக்குப் புள்ளைகள் எத்தன?"

"ஒரே பையனுங்க."

"அவர் காணி பாக்க வரல்லயா?"

அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்கு வேலைங்க. டவுனுல நல்ல வேலையில இருக்கான். இதுக்கெல்லாம் அவனுக்கு எங்கங்க நேரம்?" என்றார்.

இந்தப் பாடத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் என்று சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னேன். மிச்சத்தை அவரே கட்டிக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஹாஜியார், அந்த மகன் நான்தான்" என்றேன்.

விற்கிறவர் கேட்காமலே நான் சொன்ன முதல் உண்மை அது. ஹாஜியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப மூணு கிழமயா வெலயக் கொறச்சது ஒங்கட வீட்டுக்கா?"

"ஆமா."

"பார்ட்டி யாருன்டு நான் கேட்டேன். பழக்கமில்லாத மனிசன்டு சென்னீங்க."

"ஆமா."

"வாப்பாவ பழக்கமில்லாத மனிசன்டு சென்னீங்க."

நான் ஃபைலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தம்பி, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நான் பார்ட்டியோட பேசணும்."

நான் மேலே ஒரு பலா மரத்தடிக்குப் போய் நின்றேன். இளநீலச் சட்டை, ஒரு பேனா, ஃபைல் எல்லாம் சரியாக இருந்தன. காணி போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது, இந்த மழைக்கும் பள்ளிக்கூடம்தானா என்று யோசித்தேன். கீழே அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு சரிவில் இறங்கினார். மண்ணை எடுத்துப் பிசைந்து ஹாஜியாரிடம் காட்டினார். பிறகு கையை நீட்டி நீட்டி, மழைத் தண்ணீருக்குக் கான் எங்கே வெட்ட வேண்டும், அது எந்தப் பக்கம் இறங்கும் என்று ஏதோ விளங்கப்படுத்தினார். ஹாஜியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தார். அரை மணித்தியாலம் இருக்கும்.

பிறகு ஹாஜியார் மூச்சு வாங்க மேலே ஏறி என்னிடம் வந்தார்.

"பேசின வெல பேசின வெலதான். சரிவு சரிவுதானே, அத நீங்க பொய் செல்லல்ல. ஆனா கொமிஷன் ஒரு சதமும் நான் தர மாட்டேன். காணி உறுதி வாப்பாட பேருக்கு மட்டும்தான். ஒங்கட பேரு அதுல ஒரு எடத்திலயும் வரக் கூடா. ஒங்கள நம்ப எனக்கு ஏலா."

சரி என்றேன். அவர் சொன்னதில் எதுவும் அநியாயம் இல்லை. கீழே அப்பா எங்கிருந்தோ ஒரு கயிற்றைத் தேடி எடுத்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியைப் பிடிக்க ஆள் தேடி நிமிர்ந்து பார்த்தார்.

"டேய்" என்று கத்தினார், ஹாஜியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. "அங்க என்னடா மரம் மாதிரி நிக்கிற? அம்மாவுக்கு அடுப்படி அளக்கணும், வந்து இந்த நுனியப் புடி."

ஃபைலை ஹாஜியார் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.