குலுக்கலில் வந்த டால்பினும் மரக்காளானும்

முப்பத்தெட்டு வயதில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் கல்லூரிக்குப் போவேன். வகுப்பில் எல்லோரும் என்னை ‘அக்கா’ என்றார்கள். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது.

இரண்டாம் ஆண்டு செமினாருக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஆளுக்கு இரண்டு உயிரினங்கள். ஒப்பிட்டுப் பேச வேண்டும். மற்றவர்களுக்குப் புலியும் சிறுத்தையும், கழுகும் பருந்தும். எனக்கு வந்தது அழிந்துவரும் கங்கை டால்பினும், பட்ட மரத்தை மக்கவைக்கும் சாதாரணக் காளானும். வகுப்பே சிரித்தது.

“வேற சீட்டு எடுத்துக்கிறீங்களா?” என்றார் பேராசிரியை.

“இருக்கட்டும் மேடம்.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

என் கணவர் பாலக்கரையில் மரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு அந்தக் காளான் பரம எதிரி. “டால்பினைப் பத்திப் பேசு, சரி. இதைப் பத்தி யாராவது பேசுவாங்களா?” என்றார். ஆனாலும் மறுநாள், கடைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்த வேப்பங்கட்டை ஒன்றை அவரே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். கட்டை முழுக்க விசிறி விசிறியாக, பழுப்பும் வெள்ளையுமாகக் காளான்.

செமினார் அன்று அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினேன். டால்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். கண் சரியாகத் தெரியாது. ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி தேடும். அதற்கு ஆழமான ஆறு வேண்டும்; அந்த ஆற்றை அணைகள் துண்டாக்கிவிட்டன. காளானுக்கோ விழுந்த கிளை ஒன்று போதும். அதன் வித்துகள் காற்றில் எங்கும் போகும். எது அரிதாகும், எது பெருகும் என்பதை அதனதன் தேவைதான் தீர்மானிக்கிறது என்றேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் குறுக்கிட்டார். “இந்தக் காளான் அழிஞ்சா யாரும்மா கவலைப்படப் போறாங்க?”

நான் கட்டையைத் தொட்டுக் காட்டினேன். “டால்பின் போனா அழுவோம் சார். இது போனா, விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். புதுசா ஒரு செடி முளைக்க மண்ணுல சத்து இருக்காது.”

அவர் எழுந்து வந்து கட்டையைத் தடவிப் பார்த்தார். “இத்தனை வருஷம் பாடம் நடத்திட்டேன். இதை இன்னைக்குத்தான் தொட்டுப் பாக்குறேன்” என்றார்.

வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு. சிரித்தவர்களே மேஜையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். கணவருக்குப் போன் செய்தேன். மதிப்பெண்ணைச் சொன்னேன். உடனே, கடையில் இருந்தவர்களிடம், “என் வீட்டம்மா ஃபர்ஸ்ட்டு” என்று அவர் உரக்கச் சொன்னது கேட்டது.

அன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.