ஒரே தோலில் தைத்த இரண்டு தாயத்து

வாணியம்பாடியில் ஃபரீதாவின் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவளேதான் போய்த் திறப்பாள். புருஷன் கவுஸ் பாஷா கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாலும் சரி, அவர் திறக்கக் கூடாது. "பக்கத்துலதானே நிக்கிறேன், நான் திறந்தா இன்னா?" என்று கல்யாணமான புதிதில் அவர் கேட்டுப் பார்த்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்த் திறந்தாள். வண்டி மாட்டைக்கூட அடிக்காமல் ஓட்டுகிற மனுஷர், அதோடு விட்டுவிட்டார். இந்தக் கதவு சங்கதிக்குப் பின்னால் ஒரு பொய் இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஃபரீதாவின் புளுகு இருபத்தேழு வருஷம் நின்றது.

1903 ஐப்பசியில் பாலாறு ஊருக்குள் வந்த கதையை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து, விடியற்காலையில் தண்ணீர் தெருத் தெருவாக நுழைந்தது. ஃபரீதாவின் முதல் புருஷன் நிசார் அஹமது ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். பக்கத்து வீட்டு அப்துல் சமத் அவனுக்குத் தோஸ்த். இருவருக்கும் ஒரே ஷாப்பு, ஒரே குழி. காயப்போட்டிருந்த தோல் நனைந்துவிடும் என்று முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட, இருவரும் ஓடினார்கள். தோலும் திரும்பவில்லை, தோலை எடுக்கப் போனவர்களும் திரும்பவில்லை.

பிணம் கிடைத்திருந்தால் ஃபரீதா விதவை. நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, அழுது முடித்து எழுந்திருப்பாள், மறுபடி கட்டிக்கொள்ளவும் வழி இருக்கும். கிடைக்காததால் அவள் விதவையும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் இரக்கமுள்ளவர்தான், ஆனால் கிதாபில் இருப்பதைத்தானே அவர் சொல்ல முடியும்? காணாமல் போனவன் பிறந்து தொண்ணூறு வருஷம் ஆகும்வரை அவன் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஃபரீதா விரல் விட்டு எண்ணினாள். அப்போது அவளுக்கு எண்பத்தைந்து வயதாகியிருக்கும். சமத்தின் மனைவி ஜஹீதாவுக்கும் அதே பதில்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பட்டணம் போய் வந்த ஒருவன் ஃபரீதாவிடம், "அரக்கோணம் ஸ்டேஷன்ல உன் ஊட்டுக்காரரைப் பார்த்தேன், முதுகுதான் தெரிஞ்சுது" என்றான். வாலாஜாபேட்டை சந்தையில் சமத் வெல்லம் வாங்கிக்கொண்டிருந்ததாக இன்னொருவன் சொன்னான். மற்றவர்கள் ஒரு தரம் செத்தால் செத்ததுதான். இந்த இருவரும் வருஷத்துக்கு இரண்டு தரம் பிழைத்து வந்தார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் இரண்டு வீட்டிலும் இரண்டு பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜஹீதா தினமும் ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைத்தாள். ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வரும் கவுஸ் பாஷா, பெண்டாட்டியை இழந்தவர், ஃபரீதாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று இரண்டு தரம் சொல்லியனுப்பினார். இரண்டு தரமும் ஹஜ்ரத் கூடாது என்றுவிட்டார். ஃபரீதாவுக்கு கவுஸ் பாஷாவைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்லக்கூட அவளுக்கு உரிமை இல்லை.

1910-இல் முதலாளியின் மனைவி முனவ்வர் பேகத்துக்கு இளைப்பு ஜாஸ்தியாகிவிட்டது. கடற்காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலுக்கு ஃபரீதாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள் பேகம். அந்த விடியற்காலையில் ஆள் அனுப்பியது தன் வீடு என்பதை அவள் மறக்கவில்லை. அதனால்தான் எங்கே போனாலும் ஃபரீதாவையே கூட்டிப் போவாள். வாயால் மட்டும் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர்கள் போன இடத்துக்குப் புதுத்திட்டு என்று பெயர். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல். சவுக்குத் தோப்பு, துரைமார்களின் ஓட்டு பங்களாக்கள் பத்துப் பன்னிரண்டு, வாடகைக்கு விடும் வீடுகள், சாயங்காலம் பாண்டு வாசிக்க ஒரு மேடை, அவ்வளவுதான் ஊர். பாலம் கிடையாது. கழியைப் படகில் கடக்க வேண்டும். படகு ஓட்டியவர் வாஹித் பாஷா என்ற கிழவர்.

பாதிக் கழியில் பேகம் கேட்டாள். "இது இன்னா ஆறு, பாய்?"

"ஆறு இல்லம்மா, கழி. பாலாறு அதோ அந்த வாயில கடல்ல சேருது. வெள்ளக் காலத்துல அந்தத் தண்ணி இங்க ஏறிடும்."

ஃபரீதா கையை நீருக்குள் விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. எந்த ஊர் என்று கிழவர் கேட்டார். வாணியம்பாடி என்றதும் துடுப்பை நிறுத்திவிட்டார். படகு தானாகக் கொஞ்ச தூரம் மிதந்தது.

"அந்த வெள்ளத்துல உங்க ஊர் ஆளுங்க பதினொரு பேர் இங்க வந்து சேர்ந்தாங்க" என்றார். "கதவு, கட்டில், உங்க ஊர் ஷாப்பு முத்திரை குத்தின தோலு, அதோட மனுஷங்க. நான்தான் அடக்கம் பண்ணேன். யார் இன்னா சாதின்னு தண்ணி சொல்லலை. எல்லாருக்கும் சேர்த்துத் தொழுதேன்."

மறுநாள் காலையில் ஃபரீதா அவர் குடிசைக்குப் போனாள். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் பதினொரு மேடுகள் வரிசையாக இருந்தன. தலைமாட்டில் ஆளுக்கொரு கிளிஞ்சல். உறவுக்காரர் யாராவது வருவார்கள் என்று, அந்த உடம்புகளில் இருந்ததை எல்லாம் ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஏழு வருஷத்தில் யாரும் வரவில்லை. ஒரு மரச் சீப்பு, குழந்தையின் தண்டை, இரண்டு வளையல். அவற்றுக்கு அடியில் தோலில் தைத்த தாயத்து ஒன்று.

அந்தத் தையலைப் பார்த்ததும் அவள் அதைக் கையில் எடுத்தாள். தைத்தது அவள்தான். வெள்ளம் வந்த வருஷக் கோடையில் ஊரில் வாந்திபேதி வந்தபோது ஹஜ்ரத் எழுதிக் கொடுத்த தாளை ஆட்டுத்தோல் துண்டில் வைத்து, மூலைக்கு மூலை இரட்டை முடிச்சுப் போட்டுத் தைத்தாள். வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை.

ஆனால் அந்தத் துண்டில் அவள் இரண்டு தைத்திருந்தாள். ஒன்று நிசாருக்கு. ஜஹீதாவுக்கு ஊசி பிடிக்க வராது என்பதால் இன்னொன்று சமத்துக்கு.

"இதைக் கட்டியிருந்தவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு, பாய்?"

"ஆறு நாள் தண்ணில இருந்தவனுக்கு மூஞ்சி ஏதும்மா?" என்றார் கிழவர். அவளைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னார்.

தாயத்துக்குள் இருக்கும் தாளில் அணிகிறவன் பெயரும் அவன் தாய் பெயரும் எழுதியிருக்கும். ஃபரீதா பிஸ்மில்லா சொல்லி ஒரு பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே இருந்தது மாவாகிப் போயிருந்தது. விரலில் ஒட்டியதில் ஓர் எழுத்துகூட இல்லை. அவள் அந்த மேடுகளைப் பார்த்தாள். ஒன்றின் கீழ் தன் புருஷன் கிடக்கிறான், இல்லை ஜஹீதாவின் புருஷன் கிடக்கிறான். மற்றவன் கடலில் இருக்கிறான், இல்லை அரக்கோணம் ஸ்டேஷனில் முதுகைக் காட்டி நிற்கிறான்.

என்ன செய்வது? இது நிசாருடையது என்று சொன்னால் அவள் பிழைத்தாள். ஜஹீதா தட்டை மூடி வைத்துக்கொண்டே கிழவியாவாள். இருவரில் ஒருவனுடையது என்று உண்மையைச் சொன்னால் ஹஜ்ரத் சந்தேகம் என்பார், இரண்டு பெண்களுக்கும் விடிவில்லை. அன்று குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள். பேகம் திட்டாமல் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் ஃபரீதா இடுப்பில் தொங்கிய வெற்றிலைச் சுருக்குப்பையை அறுத்தாள். அதுவும் அதே ஷாப்புத் தோல்தான், ஆவாரம்பட்டையில் பதம் செய்தது. ஒரு துண்டு வெட்டி, மூலைக்கு மூலை இரட்டை முடிச்சுப் போட்டுத் தைத்தாள். உள்ளே வெறும் தாளை நனைத்துப் பிசைந்து வைத்தாள். பிறகு தினமும் காலையில் கடல் நீரில் ஊறப்போட்டாள், மத்தியானம் மணலில் தேய்த்தாள், சாயங்காலம் வரை ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்தாள். ஆவாரந்தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் அந்த வேலை நடந்தது. பாண்டு வாசிக்கும் நேரத்தில் துரைசானிகள் குடை பிடித்துப் போவார்கள். பேகம் அந்த வேடிக்கை பார்க்க வாசலுக்குப் போனதும் ஃபரீதா கொல்லைப்புறம் போய்த் தாயத்தைத் திருப்பிப் போடுவாள். அலை கரையில் அடிக்கும் சத்தம் ஒவ்வொன்றும் கதவு தட்டுவது போலவே கேட்டது. முதல் இரண்டு நாள் எழுந்துகூடப் பார்த்தாள்.

புறப்படும் நாளில் பழைய தாயத்தையும் புதியதையும் கிழவர் முன்னால் வைத்தாள். "ஹஜ்ரத்துக்கு நீங்க ஒரு கடுதாசி எழுதித் தரணும், பாய்."

வாஹித் பாஷா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டின் மேல் காய்ந்ததை அவர் கவனிக்காமலா இருந்திருப்பார்?

"பொய் எழுத மாட்டேம்மா. பதினொரு பேரைப் புதைச்சேன். வாணியம்பாடி வெள்ளத்துல வந்தவங்க. டப்பாவுல தாயத்து இருக்கு." இரண்டையும் எடுத்து டப்பாவுக்குள் போட்டார். எண்ணினார். "இப்ப ரெண்டு இருக்கு. இருக்கறதைத்தான் எழுதுவேன்."

ஹஜ்ரத் கடிதத்தை மூன்று தரம் படித்தார். தையலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, இருவரும் இத்தா இருக்கலாம் என்றார். அசல் தாயத்தை ஃபரீதா ஜஹீதாவுக்குக் கொடுத்தாள், சுருக்குப்பைத் தோலைத் தான் வைத்துக்கொண்டாள். அதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஐந்து மாதம் கழித்து கவுஸ் பாஷாவோடு நிக்காஹ் நடந்து, அவர் அவள் வீட்டுக்கே குடிவந்தார். நல்ல மனுஷர், மூன்று பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதவை மட்டும் அவளே திறந்தாள். நிசார் வந்து நின்றால் தான் யார், பிள்ளைகள் யார் என்ற பயம் ஒரு நாளும் அவளை விட்டுப் போகவில்லை. சில நாள் சந்தோஷமாக இருக்கும்போதே அந்தப் பயம் வரும், அந்த நாட்களில் அதிகமாகவே வரும்.

ஜஹீதா மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. தம்பி குடும்பத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்துவிட்டாள். "எனக்குக் கல்யாணம் வேணாம், நிம்மதி போதும்" என்றாள். மூடி வைக்கும் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். அவளாவது நிம்மதியாக இருக்கிறாளே என்று ஃபரீதா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

1937-இல் ஜஹீதா காய்ச்சலில் படுத்தாள். ஒரு காலையில் ஃபரீதாவைக் கூப்பிட்டனுப்பி, மற்றவர்களை வெளியே போகச் சொன்னாள். தலையணைக்கு அடியிலிருந்து தாயத்தை எடுத்து ஃபரீதாவின் கையில் வைத்தாள்.

"இதை நீ வெச்சுக்கோ. உன் கையில இருக்கறது புதுசு."

ஃபரீதா தாயத்தைத் திருப்பி அந்த இரட்டை முடிச்சைப் பார்த்தாள்.

"நானும் தோல் ஷாப்புக்காரன் பொண்டாட்டிதானே. ஆறு நாள் தண்ணியில கெடந்த தோலுக்கும் வெயில்ல வெச்ச தோலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அன்னைக்கே தெரியும், ஆபா."

"பின்ன ஏன் வாயே திறக்கலை?"

"திறந்தா ரெண்டு பேரும் மறுபடி காத்துக்கிட்டு இருக்கணும். அங்க கெடக்கறது யாருன்னு யாருக்குத் தெரியும்?" ஜஹீதா மூச்சு வாங்கினாள். "தட்டைத்தான் கவிழ்த்தேன். இந்த ஊட்டுக் கதவை இத்தனை வருஷமா நான்தான் திறக்கறேன். வேற யாரையும் திறக்க விட்டதில்லை. நான் போனா நீதான் பார்த்துக்கணும். சமத் வந்தா, காத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

இருபத்தேழு வருஷம் தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்திருந்தாள் ஃபரீதா. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி அதே சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஃபரீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே ஜஹீதா போய்விட்டாள். பெண்கள் கூடி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஜஹீதாவின் தம்பி மனைவி எழுந்தாள்.

"நீ உக்காரும்மா" என்றாள் ஃபரீதா.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெண்களின் நடுவே வழி செய்து போய், தாழ்ப்பாளில் கை வைத்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு திறந்தாள்.