‘பைய’ என்று எழுதியவளைப் பார்க்கச் சீவலப்பேரிக்கு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சரியான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். ஆறு வளையும் இடத்தில் மணல் ஏன் சேர்கிறது என்ற கேள்விக்கு இசக்கி எழுதியது: “உள்பக்கம் தண்ணீர் பைய போகும். அதனால் மணலைக் கீழே போட்டுவிடும்.” ஆய்வுக்கு வந்த கல்வித் துறை அதிகாரி ‘பைய’ என்பதைச் சுழித்து, புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்று பூஜ்யம் போட்டார். திங்கட்கிழமை முதல் ஆற்றங்கரையில் வகுப்பு நடத்தக் கூடாது என்றும் சொல்லிப் போனார். அதன்பின் அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் இருப்பதை மட்டும் பார்த்து எழுதினாளாம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ‘பைய’ என்றால் மெதுவாக.

அவளுடைய ஆசிரியை தங்கம் என் தங்கை மகள். “சனிக்கிழம கடைசியா ஒருதடவ ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க மாமா” என்றாள். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றவன். போகாமல் எப்படி இருப்பேன்? இது போன மாசியில்.

ஜங்ஷனில் சீவலப்பேரிக்குக் காலை 7.40 நகரப் பேருந்து. சுமார் பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், பதினைந்து ரூபாய்.

“கோயிலுக்கா அண்ணாச்சி?” என்றார் நடத்துநர்.

“பள்ளிக்கூடத்துக்கு.”

“இந்த வயசுல எந்த வகுப்புல சேரப் போறீய?”

“அஞ்சுல. விட்ட எடத்துல இருந்துதான தொடங்கணும்?”

பள்ளியிலிருந்து ஆற்றுக்குப் பத்து நிமிட நடை. சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் ஊர் இது. ஆறு வளையும் இடத்தில், கணுக்கால் அளவு தண்ணீரில், கயிற்றைப் பிடித்தபடி இருபத்தொரு பிள்ளைகள். கயிற்றின் இரு முனையிலும் இரண்டு தாய்மார்கள். தங்கம் எதையும் விளக்கவில்லை. வளைவின் உள்பக்கம் ஒருதடவை, வெளிப்பக்கம் ஒருதடவை ஆளுக்கொரு வேப்பிலையை மிதக்கவிட்டு, அது கயிற்று நீளத்தைக் கடக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள், அவ்வளவுதான். இசக்கி எண்ணினாள், பேசவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. “கனமான கல்லெல்லாம் தண்ணி பைய போற பக்கம்தான் கெடக்கும்” என்றேன். அறுபத்தெட்டு வருடம் இந்த ஆற்றில் குளித்தவன், உறுதியாகவே சொன்னேன்.

“இல்ல தாத்தா!” இசக்கியின் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள்.

“ஏன் இல்ல?”

“போய் மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தேன். உள்பக்கம் மாவு போல மணல். நாலடி தள்ளி, வேகமாக ஓடும் பக்கம், பாதத்தில் குத்தியதெல்லாம் கல்.

“வேகமாப் போற தண்ணி மணலத் தூக்கிட்டுப் போயிரும் தாத்தா. கல்லத் தூக்க முடியல, விட்டுட்டுப் போயிருது. இங்கன பைய வருதுல்லா, மணலையும் எறக்கி வச்சிருது.”

நான் அசையாமல் நின்றேன். காலுக்கடியில் மணல் ஒவ்வொரு பொடியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஆறு, ஆளில்லாமல், சல்லடையில்லாமல், கல்லையும் மணலையும் தரம் பிரித்துக்கொண்டே கடலுக்குப் போகிறது. அதை ஒரு பத்து வயதுப் பிள்ளை இலை போகும் நேரத்தை எண்ணியே கண்டுபிடித்திருக்கிறாள்.

பி.எட். புத்தகத்தில் இதற்கு அறிவுக் கட்டமைப்புக் கொள்கை என்று பெயராம். அறிவைப் பிள்ளையின் தலையில் ஊற்ற முடியாது, தனக்குத் தெரிந்ததன் மேல் அதுவாகத்தான் கட்டிக்கொள்ளும் என்கிறது. தங்கத்துக்கு அதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் அந்த அதிகாரியின் துறைதான்.

கரையேறியதும் இசக்கி கேட்டாள்: “நீங்க எழுதுனா என்ன வார்த்த போடுவீய?”

“பைய.”

சிரித்துவிட்டு நோட்டைத் திறந்தாள்.

போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இறங்காதீர்கள். வகுப்பைப் பார்ப்பதென்றால் பள்ளியில் முதலில் கேளுங்கள்.

இனி நடக்க வேண்டியவை. அந்த அதிகாரி கால்சட்டையை மடித்துக்கொண்டு அந்த வளைவில் இறங்க வேண்டும். பிறகு பூஜ்யத்தைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். வாய்வார்த்தையாகப் போட்ட தடையைத் துறை எழுத்தில் நீக்க வேண்டும். அதுவரை தங்கம் ஒரு தாம்பாளம் மணலும் ஒரு குடம் தண்ணீரும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். நான் வெள்ளிதோறும் மனுவோடு அவர்கள் அலுவலக வாசலில் நிற்க வேண்டும், நிற்கிறேன். இசக்கி ‘பைய’ என்றே எழுத வேண்டும்.